எதிரே நிற்பவன்

உயரமான மனிதர்களிடம் உலகம் நியாயமாக நடந்துகொள்வதில்லை என்பது என்னுடைய நெடுநாளைய அபிப்பிராயம். நாலு பேர் நடுவே ஒருவன் ஒரு முழம் உயர்ந்து நின்றால் போதும், 'பனைமரம்' என்றோ 'ஒட்டகம்' என்றோ அவனுக்குப் பெயர் சூட்டிவிடுகிறோம். பரணிலிருந்து அண்டாவை இறக்க அவனைத்தான் கூப்பிடுகிறோம். இறக்கிக் கொடுத்தால், "உனக்கென்ன, கை எட்டுகிறது!" என்கிறோம். கை தவறிவிட்டாலோ, "இவ்வளவு வளர்ந்தும் என்ன பிரயோஜனம்?" என்கிறோம். செய்து முடித்தால் பெருமை உயரத்தைச் சேர்கிறது. தவறினால் பழி மட்டும் அவனைச் சேர்கிறது.

இந்த அநியாயம் பதினாயிரக்கணக்கான ஜனங்கள் பார்த்திருக்க, பெரிய அளவில் நடந்த இடம் ஒன்று உண்டு. அதுதான் அமெரிக்க நாட்டுக் கூடைப்பந்து அரங்கம். அந்த ஆட்டத்தின் சரித்திரம் கதை எழுதுகிற எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் இருக்கிறது. கதாநாயகன் எவ்வளவு பெரியவன் என்பதைக் கதாநாயகனைக் கொண்டு மட்டும் காட்டிவிட முடியாது. எதிரே யார் நிற்கிறான், பக்கத்தில் யார் நிற்கிறான், அவனுடைய சொந்த உடம்பு அவனுக்கு எதை மறுத்திருக்கிறது என்று மூன்றையும் காட்டியாக வேண்டும். வள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்தில், செயலின் வலிமை, தன் வலிமை, எதிரியின் வலிமை, துணையின் வலிமை ஆகிய நான்கையும் சீர்தூக்கச் சொல்கிறார். கூடைப்பந்தாட்டத்தில் நெட்டையர்களின் சரித்திரம் இந்த நாலு தட்டுத் தராசின் சரித்திரந்தான்.

கதை 1891-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் தொடங்குகிறது. மாசசூசெட்ஸ் மாகாணத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியர், பனிக்காலத்தில் வெளியே போக முடியாத மாணவர்களுக்காகக் கூரைக்குள் ஆடக்கூடிய ஓர் ஆட்டத்தை யோசித்தார். பீச் பழம் வைக்கும் கூடைகள் இரண்டை எடுத்து, பயிற்சிக் கூடத்தின் மேல்தளத்துக் கைப்பிடியில், இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக மாட்டினார். அந்தக் கைப்பிடி தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருந்தது. கூடை போய் இரும்பு வளையம் வந்துவிட்டது. ஆனால் அந்த 10 அடி மட்டும் இன்றுவரை மாறவில்லை. எந்தத் தச்சனோ தன் வேலைக்கு வசதியாக வைத்த கைப்பிடி, பின்னால் பிறக்கப்போகிற நெட்டையர்களின் தலையெழுத்தை எழுதிவிட்டது!

வளையம் உயரத்தில் இருந்தால் உயரமானவனே ராஜா என்று நமக்குத் தோன்றும். ஆனால் முதல் ஐம்பது வருஷங்களில் பயிற்சியாளர்கள் பலர் அப்படி நினைக்கவில்லை. ஆறரை அடிக்கு மேல் வளர்ந்தவன் கால் பின்னித் தடுமாறுவான், ஓடமாட்டான், வளையமாட்டான் என்று ஒதுக்கினார்கள். அந்த எண்ணத்தை மாற்றியவர் ஜார்ஜ் மைக்கன்.

மைக்கன் 1924-இல் இலினாய் மாகாணத்தில் ஜோலியட் என்ற ஊரில் பிறந்தவர். பாதிரியாராகும் எண்ணத்துடன் அதற்கான பள்ளியில் படித்தவர். 6 அடி 10 அங்குல உயரம். அதோடு மோசமான கண்பார்வை. புட்டியின் அடிப்பாகம் போன்ற தடித்த கண்ணாடி இல்லாமல் அவரால் ஆட முடியாது. பெயர் பெற்ற ஒரு கல்லூரியின் பயிற்சியாளர், "உனக்கு ஆட்டம் வராது, புத்தகத்தைக் கவனி" என்ற பொருளில் சொல்லி அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். 1942-இல் சிக்காகோவில் டிபால் கல்லூரிக்கு இளம் பயிற்சியாளராக வந்த ரே மேயர்தான் அந்த உடம்புக்குள் ஓர் ஆட்டக்காரன் இருப்பதைக் கண்டவர்.

மேயர் செய்த வேலை ஒரு சிற்பியின் வேலை. மைக்கனைக் கயிறு தாண்ட வைத்தார். குத்துச்சண்டைக்காரனைப் போலக் காற்றில் குத்தவைத்தார். குள்ளமான ஒரு பெண்ணோடு நடனமாடக்கூட விட்டார், காலுக்கு லயம் வரட்டும் என்று! பிறகு வளையத்துக்கு அடியில் நிறுத்தி, தலைக்கு மேலாகக் கையை வளைத்து எறியும் எறியை வலக்கையால் நூற்றுக்கணக்கிலும் இடக்கையால் நூற்றுக்கணக்கிலும் நாள்தோறும் செய்யவைத்தார். அந்தப் பயிற்சி இன்றும் மைக்கன் பெயராலேயே வழங்குகிறது. உலகெங்கும் பள்ளிப் பிள்ளைகள் அதைச் செய்கிறார்கள். 'உயரம் கடவுள் கொடுத்தது' என்று சொல்லுகிறவர்கள் இந்தக் கயிறு தாண்டலைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

கல்லூரி நாட்களில் மைக்கனும், ஓக்லஹோமாவைச் சேர்ந்த 7 அடிக்காரரான பாப் கர்லாண்டும் எதிரிகள் எறிந்த பந்து வளையத்தை நோக்கி இறங்கி வரும்போதே எட்டித் தட்டிவிடுவார்கள். 1944-இல் சட்டம் வந்தது: இறங்கும் பந்தைத் தொடக்கூடாது. பிறகு மைக்கன் சம்பளத்துக்கு ஆடும் உலகத்துக்கு வந்தார். மினியாபோலிஸ் நகரத்து லேக்கர்ஸ் கோஷ்டியைச் சாம்பியன் ஆக்கினார். 1949-இல் நியூயார்க் மாடிசன் சதுக்க அரங்கின் வாசல் விளம்பரத்தில் "ஜார்ஜ் மைக்கன் எதிர் நிக்ஸ்" என்றுதான் போட்டிருந்தது. பாக்கி நாலு பேரும் பெயரில்லாத ஆட்களாகிவிட்டார்கள்!

இப்படிப்பட்ட மனிதனை எதிராளிகள் எப்படிச் சமாளித்தார்கள்? 1950 நவம்பர் 22-ஆம் தேதி ஃபோர்ட் வேன் நகரத்து பிஸ்டன்ஸ் கோஷ்டியார் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார்கள். எறிந்தால்தானே மைக்கனிடம் பந்து போகும்? ஜனங்கள் கூச்சலிட்டுப் பார்த்தார்கள், பயனில்லை. கடைசியில் 19-க்கு 18 என்ற கணக்கில் பிஸ்டன்ஸ் ஜயித்தது. லேக்கர்ஸ் எடுத்த 18-இல் 15 மைக்கன் எடுத்தவை. இந்த மாதிரி உறக்கம் பிடிக்கிற ஆட்டங்களைத் தடுப்பதற்காகத்தான், 24 விநாடிக்குள் பந்தை எறிந்தாக வேண்டும் என்ற விதி 1954-இல் பிறந்தது.

இதற்கிடையில் இன்னொரு மாற்றமும் வந்தது. வளையத்துக்கு முன்னால் கோடு போட்ட ஒரு பாதை உண்டு. தாக்கும் கட்சிக்காரன் அதற்குள் 3 விநாடிக்கு மேல் நிற்கக்கூடாது. அந்தப் பாதையின் அகலம் 6 அடியாக இருந்ததை 1951-இல் 12 அடி ஆக்கினார்கள். மைக்கனை வளையத்திலிருந்து தள்ளி நிறுத்துவதே நோக்கம். முந்திய வருஷம் ஆட்டத்துக்குச் சராசரி 28.4 புள்ளி எடுத்தவர், அந்த வருஷம் 23.8 எடுத்தார். உடம்பு அதே உடம்பு. உயரம் ஓர் அங்குலங்கூடக் குறையவில்லை. தரையில் போட்ட கோடு மூன்றடி நகர்ந்தது, அவ்வளவுதான். நீரில் இருக்கும் முதலை வேறு, கரைக்கு வந்த முதலை வேறு என்பது நமக்குத் தெரியாததா? 24 விநாடி விதியால் ஆட்டம் ஓட்டமாக மாறியபோது மைக்கன் விலகியிருந்தார். 1956-இல் திரும்பி வந்து 37 பந்தயங்கள் ஆடினார். சராசரி 10.5-தான் வந்தது. அவருடைய காலம் முடிந்துவிட்டது.

அடுத்து வந்த இருவரைப் பற்றித்தான் ஒரு நாவலே எழுதலாம்.

வில்ட் சேம்பர்லேன் 1936-இல் பிலடெல்பியாவில் பிறந்தவர். 7 அடி 1 அங்குலம். ஓட்டம், தாண்டல், பலம் எல்லாம் ஒரே உடம்பில் சேர்ந்திருந்தன. பில் ரஸ்ஸல் 1934-இல் தெற்கே லூயிசியானாவில் பிறந்து, மேற்கே ஓக்லண்டில் வளர்ந்தவர். 6 அடி 10 அங்குலம். சேம்பர்லேனைவிடக் குட்டை, எடையிலும் மிகக் குறைவு, பந்தை எறிவதில் சாதாரணம். ஆனால் கால்கள் மின்னல். அவற்றைவிட வேகமானது மனம். எதிரி எறிந்த பந்தை மற்றவர்கள் கைதட்டலுக்காக வெளியே அறைவார்கள். ரஸ்ஸல் அதை மெல்லத் தட்டித் தம் கோஷ்டிக்காரனின் கைக்கே அனுப்புவார். தடுப்பதையே தாக்குதலின் தொடக்கமாக ஆக்கிய மனிதர் அவர்.

1959 நவம்பர் 7-ஆம் தேதி பாஸ்டனில் இருவரும் முதன்முதலாக எதிரெதிரே நின்றார்கள். சேம்பர்லேன் 30 புள்ளி, ரஸ்ஸல் 22. ஜயித்தது ரஸ்ஸலின் செல்டிக்ஸ். அடுத்த பத்து வருஷக் கதையின் சுருக்கம் இதுதான். 1960 நவம்பரில் ஓர் இரவு, வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்துகளில் 55-ஐ ரஸ்ஸலின் கண்ணெதிரே சேம்பர்லேன் பிடித்தார். அந்தச் சாதனையை இன்னும் யாரும் முறியடிக்கவில்லை. அன்றும் ஜயித்தது செல்டிக்ஸ்தான், 132-க்கு 129. இருவரும் 140 தடவைக்கு மேல் சந்தித்தார்கள். 80-க்கு மேற்பட்ட வெற்றிகள் ரஸ்ஸலின் பக்கம். அவர் 13 வருஷத்தில் 11 பட்டங்கள் பெற்றார். சேம்பர்லேன் தம் வாழ்நாளில் பெற்றவை 2.

இதைக் கொண்டு 'ரஸ்ஸல் பெரியவர், சேம்பர்லேன் வெறும் உடம்பு' என்று தீர்ப்பெழுதியவர்கள் பலர். எனக்கு அதில் சம்மதமில்லை. 1962 மார்ச் 2-ஆம் தேதி ஹெர்ஷி என்ற சாக்லேட் ஊரில் 4,124 பேர் முன்னிலையில் சேம்பர்லேன் தனியாளாக 100 புள்ளி எடுத்தார். அன்று நியூயார்க் கோஷ்டியின் முதல் நடு ஆட்டக்காரர் ஆடவில்லை. மாற்றாக வந்தவர் ஃபவுல்களை வாங்கிக்கொண்டு பாதி ஆட்டங்கூட நிற்க முடியாமல் போனார். எதிரே ஆள் இல்லாதபோது அந்த உடம்பு என்ன செய்யும் என்பதை உலகம் கண்டது. எதிரே ரஸ்ஸல் நின்றபோது அதே உடம்பு என்ன செய்ய முடியவில்லை என்பதையும் கண்டது. ரஸ்ஸல் அவரை முழுக்கத் தடுத்துவிடவில்லை. யாராலும் அது முடியாது. வளையத்திலிருந்து ஓரடி தள்ளிப் பந்தை வாங்கச் செய்தார், ஒரு கணம் யோசிக்கச் செய்தார், வழக்கமான இடம் போய் வழக்கமில்லாத இடத்திலிருந்து எறியச் செய்தார். அந்த ஓரடிக்கும் ஒரு கணத்துக்கும் பின்னால் கூஸி, சாம் ஜோன்ஸ், ஹாவ்லிசெக் என்று துணைவர்களின் படையே நின்றது. வள்ளுவர் துணை வலிமையையும் கணக்கில் சேர்த்தது சும்மா அல்ல.

துணையை நம்பினால் என்ன ஆகும் என்பதைச் சேம்பர்லேனே ஒருமுறை காட்டினார். 1966–67-இல் பயிற்சியாளர் அலெக்ஸ் ஹானம் சொல்லைக் கேட்டுத் தாம் எறிவதைக் குறைத்து மற்றவர்களுக்குப் பந்தைக் கொடுத்தார். ஒரு காலத்தில் 50-க்கு மேல் இருந்த சராசரி 24-க்கு இறங்கியது. அவருடைய கோஷ்டி 81 பந்தயங்களில் 68-இல் வென்றது, செல்டிக்ஸைத் தோற்கடித்தது, பட்டம் வாங்கியது.

ஆனால் எதிராளியே இல்லாத ஓரிடத்தில் சேம்பர்லேன் தோற்றுப்போனார். ஃபவுல் செய்யப்பட்டவனுக்கு, யாரும் தடுக்காமல், 15 அடி தூரத்திலிருந்து வளையத்துக்குள் எறிய உரிமை கொடுப்பார்கள். 'ஃப்ரீ த்ரோ' என்பார்கள். பள்ளிச் சிறுவன்கூடப் போட்டுவிடக்கூடிய எறி. சேம்பர்லேன் எறிந்த இரண்டில் ஒன்று வெளியே போய்விடும். ஒரே ஒரு வருஷம் மட்டும் குனிந்து, இரு கைகளாலும் பந்தை முழங்கால்களுக்கு இடையிலிருந்து மேலே வீசும் முறையைக் கைக்கொண்டார். அந்த வருஷந்தான் 100 புள்ளி இரவு வந்தது. அன்று 32 ஃப்ரீ த்ரோவில் 28 உள்ளே விழுந்தன. பிறகு அந்த முறையை விட்டுவிட்டார். அப்படி எறிவது ஆண்பிள்ளைக்கு அழகாக இல்லை என்று கூச்சப்பட்டதையும், அந்தக் கூச்சம் பிசகு என்பதையும் அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். துரியோதனனின் தொடையைப் போல இந்த மலை மனிதருக்கும் ஓர் இடம் இருந்தது. அது உடம்பில் இல்லை, வெட்கத்தில் இருந்தது.

இவ்வளவு போட்டிக்கும் நடுவே இருவரும் நண்பர்கள் என்பதுதான் விசேஷம். நன்றி தெரிவிக்கும் திருநாளில் பிலடெல்பியாவில் பந்தயம் இருந்தால், ரஸ்ஸல் சேம்பர்லேனின் வீட்டுக்குப் போவார். அவர் தாயார் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு நண்பரின் கட்டிலிலேயே ஒரு தூக்கம் போடுவார். சாயங்காலம் இருவரும் போய் மோதிக்கொள்வார்கள். 1965-இல் சேம்பர்லேனுக்கு வருஷத்துக்கு 1,00,000 டாலர் சம்பளம் பேசப்பட்டதும், ரஸ்ஸல் 1,00,001 டாலர் கேட்டு வாங்கினார்!

அந்தச் சிநேகம் 1969 மே 5-ஆம் தேதி முறிந்தது. பட்டத்துக்கான கடைசிப் பந்தயத்தில், முடிய ஐந்தாறு நிமிஷம் இருக்கையில் சேம்பர்லேன் முழங்கால் அடிபட்டு வெளியே வந்து உட்கார்ந்தார். பிறகு தாம் ஆடத் தயார் என்று சொல்லியும் பயிற்சியாளர் அவரை இறக்கவில்லை. செல்டிக்ஸ் 108-க்கு 106 என்று வென்றது. அதுதான் ரஸ்ஸலின் கடைசி ஆட்டம். பின்னால் ஒரு கல்லூரிக் கூட்டத்தில், முழங்கால் வலிக்காகச் சேம்பர்லேன் விலகியிருக்கக் கூடாது என்ற கருத்தில் ரஸ்ஸல் பேசினார். அது பத்திரிகையில் வந்துவிட்டது. பல வருஷங்கள் இருவருக்கும் பேச்சில்லை. பிற்காலத்தில் ரஸ்ஸல் மன்னிப்புக் கேட்டார், நட்பு மீண்டது. 1999-இல் சேம்பர்லேன் இறந்தபோது அஞ்சலி செலுத்தியவர்களில் ரஸ்ஸலும் ஒருவர்.

முழங்கால் வலி பொய்யல்ல என்பதற்கு அதே ஆண்டிலேயே சாட்சி வந்தது. 1969 நவம்பரில் சேம்பர்லேனுக்கு முழங்கால் தசைநார் அறுந்து சஸ்திர சிகிச்சை நடந்தது. ஆறு மாதத்துக்குள் அவர் மறுபடியும் பட்டப் பந்தயத்தில் நின்றார், நியூயார்க் நிக்ஸை எதிர்த்து. எதிரே வில்லிஸ் ரீட். ஐந்தாவது ஆட்டத்தில் ரீடின் தொடைத் தசை கிழிந்துவிட்டது. ஆறாவது ஆட்டத்தில் அவர் இல்லை; சேம்பர்லேன் 45 புள்ளி குவித்தார். ஏழாவது ஆட்டம் 1970 மே 8. ஊசி போட்டுக்கொண்டு, ஒரு காலை இழுத்துக்கொண்டு ரீட் அரங்கத்துக்குள் வந்தார். முதல் இரண்டு எறியையும் உள்ளே போட்டார். அன்று முழுவதும் அவர் எடுத்தவை அந்த 4 புள்ளிதான். ஆனால் ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு சேம்பர்லேனை வளையத்திலிருந்து தள்ளியே நிறுத்தினார். சேம்பர்லேன் 21 புள்ளி எடுத்தார்; 11 ஃப்ரீ த்ரோவில் ஒன்றே ஒன்று விழுந்தது. ரீடின் துணைவர் வால்ட் ஃப்ரேசியர் 36 புள்ளி எடுத்தார். நியூயார்க் 113-க்கு 99 என்று வென்றது.

ஜனங்கள் ரீடை வீரன் என்றார்கள், அது சரி. சேம்பர்லேனை, 'நொண்டியிடம் தோற்றவன்' என்றார்கள். அவருடைய முழங்காலில் ஆறு மாதத்துத் தையல் இருந்ததை நினைத்தவர்கள் எத்தனை பேர்? கோலியாத்துக்காக யாரும் கைதட்டுவதில்லை என்று சேம்பர்லேன் சொன்னதாகச் சொல்வார்கள். அந்தச் சொல்லில் கசப்பு இருக்கிறது, உண்மையும் இருக்கிறது.

உண்மையில் நெட்டையர்களின் தீராத எதிரி எதிர்க்கட்சியில் இல்லை. அவர்கள் எலும்பில் இருக்கிறான். இதை 1638-லேயே கலிலியோ எழுதி வைத்தார். ஓர் உருவத்தை எல்லாப் பக்கமும் இரண்டு மடங்கு பெரிதாக்கினால் எடை எட்டு மடங்காகிறது. அதைத் தாங்கும் எலும்பின் குறுக்களவோ நாலு மடங்குதான் ஆகிறது. வளர வளரச் சுமை ஒரு பக்கம் ஓடுகிறது; தாங்கும் சக்தி பின்தங்குகிறது. அந்த வட்டியைப் பாதங்கள் கட்டுகின்றன. பில் வால்டன் 1977-இல் போர்ட்லண்டு கோஷ்டிக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்தார்; மறு வருஷம் பாத எலும்பு முறிந்தது. அதன்பின் வருஷக்கணக்கில் அவர் பெரும்பாலும் ஆடவில்லை. சீனாவின் யாவ் மிங் 7 அடி 6 அங்குலம். 2003 ஜனவரியில், அந்நாளைய மாமல்லரான ஷகீல் ஓனீலை முதன்முதல் எதிர்த்தபோது, அவருடைய முதல் எறிகளையே தட்டி வீழ்த்தினார். ஓனீலால் வெல்ல முடியாத அந்த மனிதரை அவருடைய இடது பாதம் வென்றது. 2011-இல், 30 வயதில், ஆட்டத்தைவிட்டு விலகினார்.

ஓனீலும் இந்தப் பரம்பரையைச் சேர்ந்தவர்தான். 7 அடி 1 அங்குலம். சேம்பர்லேனைப் போலவே ஃப்ரீ த்ரோவில் பாதி வீணாகும். எதிரிகள் வேண்டுமென்றே அவரைப் பிடித்துத் தள்ளி, அந்தக் கோட்டில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். பழைய பலவீனம், பழைய தந்திரம்!

2005 ஜூன் மாதத்தில் ஜார்ஜ் மைக்கன் 80 வயதில் காலமானார். நீரிழிவு நோய் அவருடைய ஒரு காலை முன்பே எடுத்துக்கொண்டிருந்தது. கையில் பணமும் அதிகம் இல்லை. அந்தக் காலத்து ஆட்டக்காரர்களுக்குக் கிடைத்த ஓய்வூதியம் சொற்பம். அதை உயர்த்தும்படி அவர் கடைசிவரை போராடி வந்தார். அவருடைய ஈமச் செலவைத் தாம் ஏற்பதாக முன்வந்தார் ஷகீல் ஓனீல். மைக்கன் ஆடிய நாளில் ஓனீல் பிறந்திருக்கவில்லை. ஆனால் 'இவ்வளவு பெரிய உடம்புக்கு ஆட்டம் வராது' என்று சொன்ன உலகத்தின் முன்னால், தடித்த கண்ணாடியும் கயிறு தாண்டிய கால்களுமாக முதலில் வந்து நின்றவர் யார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு நெட்டையனின் உழைப்பை இன்னொரு நெட்டையன் அறிவான். நாம்தான் உயரத்தை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.